கயிற்றுக்கரை மங்கையர்க்கரசி

ஜாம்நல்லாவிலிருந்து ரங்கத் ஜெட்டிக்குப் போகும் கரைப் பாதையைப் பற்றி யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: ரொம்ப சுலபமான நடை. மேடு கிடையாது, பள்ளம் கிடையாது, அட்டைகூட அதிகம் ஏறாது. வலது கைப் பக்கம் நெல் வயல், இடது கைப் பக்கம் கடல் தண்ணீர் ஏறி இறங்கும் கழி. கண்ணை மூடிக்கொண்டு போகலாம் என்பார்கள். இப்படிச் சொல்கிறவர்களில் ஒருவர்கூட மார்பில் கயிறு மாட்டி, பாரம் ஏற்றிய டிங்கிப் படகை இழுத்துக்கொண்டு அந்தக் கரையில் நடந்தவர் இல்லை. நடந்தவளைக் கேட்கலாம் என்று யாருக்கும் தோன்றியதும் இல்லை. எனக்கு அதில் எப்போதும் ஒரு கோபம் உண்டு.

மங்கையர்க்கரசி ராமநாதபுரம் சீமைக்காரி. ஐம்பதுகளில், அந்தமானில் குடியேறினால் நிலம் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, புருஷன் சொக்கலிங்கத்தோடு மெட்ராஸில் கப்பல் ஏறினாள். குடிக்கிற தண்ணீருக்கே வரிசையில் நின்ற ஊரிலிருந்து வந்தவளுக்கு இங்கே எட்டு மாதம் மழை. வந்த முதல் வருஷம் அவள் அழுதது பாதி, திட்டியது பாதி. அதற்கப்புறம் அழுவதை விட்டுவிட்டாள். திட்டுவதை விடவில்லை.

அந்தக் கரையே எங்கள் கையால் போட்டதுதான். கடல் தண்ணீர் கழி வழியாக ஏறி வயலுக்குள் புகுந்தால் அந்த வருஷ நெல் போச்சு. அதனால் வங்காளிக் குடும்பங்களும் எங்களைப் போல விரல் விட்டு எண்ணக்கூடிய தமிழ்க் குடும்பங்களும் சேர்ந்து மண் சுமந்து கொட்டினோம். கரைக்கு இந்தப் பக்கம் நெல். அந்தப் பக்கம் சேறும் கண்டல் மரமும் உப்புத் தண்ணீரும். எங்கள் ஊரிலிருந்து ஜெட்டிக்கு ரோடு அப்போது கிடையாது. கை வீசி நடக்கத் தெம்புள்ளவர்கள் கரையில் நடந்து போனார்கள். மூட்டையும் வாழைத்தாரும் நோயாளியும் டிங்கியில் போனார்கள்.

கடல் இறங்கிக் கழியில் வெள்ளம் வற்றும்போது டிங்கி தானாகவே ஜெட்டியைப் பார்த்து ஓடும். ஏறும்போது போக வேண்டியிருந்தால்தான் வினை. துடுப்புப் போட்டு மாளாது. கம்பு ஊன்றினால் கம்பு சேற்றுக்குள் போய்க்கொண்டே இருக்கும். ஒருவர் கரையில் நின்று கயிறு கட்டி இழுக்க வேண்டும், இன்னொருவர் பின்னால் உட்கார்ந்து, மூக்கு கரையில் முட்டாமல் துடுப்பால் திருப்பிப் பிடிக்க வேண்டும். வங்காளிகள் அவர்கள் ஊர் ஆற்றில் செய்து பழகியது; குண் இழுப்பது என்பார்கள். சொக்கலிங்கம் அவர்களிடம் பார்த்துக் கற்றுக்கொண்டு ஒரு பழைய டிங்கியும் வாங்கிவிட்டான். இழுக்க ஆள் கிடைக்கவில்லை. மங்கையர்க்கரசி கயிற்றை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

ஊர் சும்மா இருக்குமா? "மாடு வாங்க வக்கில்லாம பொண்டாட்டியப் பூட்டிட்டான்" என்று கடையில் சிரித்தார்கள். அவள் காதிலும் விழுந்தது. ஒரு நாள் கயிற்றோடு நேராகக் கடைக்கே போய், சிரித்தவனிடம் நீட்டி, "இந்தா, நீ வந்து இழு. நான் ஒக்காந்து சிரிக்கிறேன்" என்றாள். அதோடு கடையில் அந்தப் பேச்சு நின்றது. பாதைக்கும் கயிற்றுக்கரை என்று பெயர் விழுந்தது.

கயிற்றுக்கரைக்கு ஒரு சட்டம் உண்டு. அது வந்த கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. நாகமுத்து என்று ஒருவன், அவனும் டிங்கி ஓட்டியவன். அவன் டிங்கி நிறைய ஆட்களோடு போகும்போது இழுத்தவன் கரையிலிருந்து முதலையைப் பார்த்து "மகர்! மகர்!" என்று கத்திவிட்டான். இங்கே எல்லா ஊர்க்காரருக்கும் பொதுவான பேச்சு ஹிந்திதான், அதில் மகர் என்றால் முதலை. கேட்டதும் டிங்கியில் இருந்தவர்கள் அத்தனை பேரும் ஒரே பக்கமாக எழுந்து நின்றார்கள். டிங்கி கவிழ்ந்தது. முதலை ஒருவரையும் தொடவில்லை, சத்தத்துக்குப் பயந்து அது எங்கேயோ போய்விட்டது. செத்தவர்கள் எல்லாரும் தண்ணீர் குடித்துச் செத்தார்கள். நாகமுத்துவும் அதில் போனான்.

பிணங்களை எடுத்து முடித்த அன்றே ஊர் கூடி முடிவு பண்ணியது. கயிற்றுக்கரையில் யாரும் அந்தப் பெயரைக் கத்தக்கூடாது. இழுக்கிறவர் முதலையைப் பார்த்தால் கயிற்றை மெதுவாக இரண்டு தரம் சுண்ட வேண்டும். பின்னால் இருப்பவர் புரிந்துகொண்டு, வாயைத் திறக்காமல் டிங்கியைக் கரையோரம் அணைக்க வேண்டும். ஏறியிருப்பவர்களுக்கு மண்ணில் கால் வைக்கும் வரை எதுவும் தெரியக்கூடாது. வேறெந்த ஊரிலும் இப்படி ஒரு சட்டம் இருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. ஆபத்தைப் பார்த்தால் கத்துவதுதான் மனுஷ சுபாவம். நாங்கள் வாயை மூடப் பழகினோம்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். அறுபதுகளின் தொடக்கம், மழை சற்றே ஓய்ந்திருந்த காலம். நடந்ததைச் சொக்கலிங்கம் ஒரு விதமாகச் சொல்வான், அவள் ஒரு விதமாகச் சொல்வாள். இரண்டும் எங்கே ஒத்துப்போகிறதோ அதைத்தான் எழுதுகிறேன்.

மங்கையர்க்கரசிக்கு நீலாவதி என்று ஒரு தங்கை. சொக்கலிங்கத்தின் பங்காளி ஜம்புலிங்கத்தைக் கட்டிக்கொண்டு அவளும் ஜாம்நல்லாவுக்கே வந்திருந்தாள். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு பலா மரம்தான். ஆனால் பேச்சு வார்த்தை கிடையாது. காரணம் ஒரு காப்பு. அவர்கள் அம்மா சாகும்போது தன் கையில் கிடந்த தங்கக் காப்பைக் கழற்றி இளையவள் கையில் போட்டுவிட்டாள். மூத்தவள் ஏதோ கேட்டாள், இளையவள் ஏதோ சொன்னாள், அவ்வளவுதான். கடல் தாண்டி வந்தும் அது ஆறவில்லை. ஒரே கிணற்றில் தண்ணீர் எடுப்பார்கள், முகம் பார்க்க மாட்டார்கள்.

அன்று காலையில் நீலாவதியைக் கட்டிலோடு டிங்கித் துறைக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மலேரியா. மூன்றாம் முறை அடித்த ஜுரம், கண் சொருகிக் கிடந்தாள். ஜம்புலிங்கம் மரம் வெட்டும் கேம்ப்பில் இருந்தான், ஆள் அனுப்பியும் வந்து சேரவில்லை. ரங்கத் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாவிட்டால் இன்று சாயங்காலம் தாண்டாது என்று கம்பவுண்டர் சொல்லிவிட்டார். கழியில் வெள்ளம் ஏற ஆரம்பித்திருந்தது. வற்றட்டும் என்று காத்திருக்க நேரமில்லை.

மங்கையர்க்கரசி டிங்கியில் வைக்கோல் பரப்பித் தங்கையைப் படுக்க வைத்தாள். மார்பில் கயிற்றை மாட்டிக்கொண்டாள். ஏற்கனவே ஏற்றிவைத்த நெல் மூட்டைகளை இறக்க நின்றால் நேரம் போகும் என்று சொக்கலிங்கம் அப்படியே விட்டான். மூட்டைகளுக்கு முன்னால் ஹரிபதோ உட்கார்ந்திருந்தான், ஜெட்டிச் சந்தைக்கு வாத்துக் கூடையோடு போகிற வங்காளி. டிங்கியின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே நாலு விரல் இடம்தான் இருந்தது.

கயிறு இழுக்கிறவருக்கு டிங்கி தெரியாது, முதுகுக்குப் பின்னால் அதன் கனம் மட்டும்தான் தெரியும். வளைவு வந்தால்தான் திரும்பிப் பார்க்கத் தோதாக இருக்கும். முதல் வளைவில் பார்த்தாள். நீலாவதியின் கை விளிம்புக்கு வெளியே தொங்கி, விரல்கள் தண்ணீரில் இழுபட்டுக்கொண்டிருந்தன. உடம்பு கொதிக்கிறது, தண்ணீர் சில்லென்று இருக்கிறது, அவளுக்கு அது சுகம். கழியில் கையை விடாதே என்பது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு நடக்கத் தெரியும் முன்பே சொல்லிவைக்கிற பாடம். ஜுரத்தில் கிடப்பவளுக்கு யார் சொல்வது?

"தாதா, என் தங்கச்சி கைய உள்ள வைங்க" என்று ஹரிபதோவிடம் பாதித் தமிழும் பாதி ஹிந்தியுமாகச் சொன்னாள்; தாதா என்றால் அண்ணன். அவன் குனிந்து கையை எடுத்து வயிற்றின் மேல் வைத்தான். கொஞ்ச தூரத்தில் கை மறுபடி தண்ணீருக்குப் போய்விட்டது.

அடுத்த வளைவுக்கு முன்னால் ஒரு நீண்ட நேர் துண்டு உண்டு. அங்கே கயிறு தடையில்லாமல் போவதற்காகக் கண்டல் மரங்களை இடுப்புயரத்துக்கு வெட்டிவிட்டிருந்தோம். மரம் போனாலும் வேர் போகவில்லை, ஈட்டி ஈட்டியாகச் சேற்றில் நிற்கும். அந்தத் துண்டு முழுக்க டிங்கியைக் கரையில் அணைக்க முடியாது. அதைத் தாண்டினால் காட்டிலாகாவின் மரக்கட்டை டிப்போ, அங்கே நல்ல இறங்குதுறை.

நேர் துண்டில் நுழைகிற இடத்தில் அவள் திரும்பினாள். டிங்கிக்கு அந்தப் பக்கம், நீலாவதியின் கை கிடந்த பக்கம், தண்ணீரில் ஒரு கட்டை. டிப்போவிலிருந்து நழுவிய கட்டைகள் கழியில் மிதப்பது சகஜம்தான். அவள் முகத்தைத் திருப்பி நடந்தாள். அதற்கப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. வெள்ளம் ஏறுகிறது. கட்டை என்றால் ஜாம்நல்லாவைப் பார்த்துப் போக வேண்டும். இது டிங்கியோடு கூடவே ஜெட்டியைப் பார்த்து வந்தது.

மறுபடி திரும்பினாள். இரண்டு புடைப்பு, முன்னால் தள்ளி இன்னொரு புடைப்பு.

சொக்கலிங்கத்தைக் கேட்டால் டிங்கி நீளம் இருந்தது என்பான். அவளைக் கேட்டால், "நீளத்த எவ பாத்தா? எனக்கு அவ கைதான் தெரிஞ்சிச்சு" என்பாள்.

கயிற்றை இரண்டு தரம் சுண்டினாள். பின்னால் கயிறு ஒரு கணம் தொய்ந்து மறுபடி இறுகியது. சொக்கலிங்கத்துக்குப் புரிந்துவிட்டது. ஆனால் புரிந்து என்ன செய்வான்? இங்கே அணைத்தால் வேர் குத்தி டிங்கி சாயும். துடுப்பை எடுத்து அடிக்கப் போனால் பிடி விட்டு டிங்கி நடுக்கழிக்குத் திரும்பிவிடும். அவள் கயிற்றை விட்டால் வெள்ளம் டிங்கியைப் பின்னுக்குத் தள்ளும். ஒரே வழி, டிப்போ வரை இழுப்பது. ஓடவும் கூடாது. வெட்டி இழுத்தால் நாலு விரல் விளிம்பு தாங்காது. அதுவரை வைத்த அதே அடியில், அதே வேகத்தில் நடக்க வேண்டும்.

அவள் நடந்தாள். எத்தனையோ பேர் சுலபமான நடை என்று சொன்ன பாதை அது.

இந்த இடத்தைச் சொல்லும்போது அவள் குரல் இப்போதும் மாறும். "கத்திரலாம்னு நெஞ்சு முட்டுது. வாயத் தொறந்தா அந்தப் பேருதான் வரும். பல்லக் கடிச்சுக்கிட்டேன்" என்பாள். பயந்தாள். அவளைப் போலப் பயந்தவர்கள் அந்தக் கரையில் அன்று வேறு யாரும் இல்லை. பேச்சில்லாமல் போன அத்தனை வருஷமும் அந்த ஒரு கையைப் பார்த்ததும் ஒன்றுமில்லாமல் போயிற்று. தண்ணீரில் கிடப்பது தன் கை போலவே இருந்தது என்றாள்.

"தாதா, அந்தக் கைய உள்ள எடுங்க. கைய விடாதீங்க, புடிச்சுக்கங்க." குரல் நடுங்காமல் சொன்னாள். ஹரிபதோ சாய்ந்து கையைப் பிடித்தான். நீலாவதி உதறினாள். யாரோ அந்நிய ஆம்பளை கையைப் பிடிக்கிறான் என்றுதான் ஜுரத்தில் அவளுக்குத் தோன்றியிருக்கும். "விடுய்யா" என்று திமிறிப் புரண்டாள். டிங்கி ஒரு பக்கம் சாய்ந்தது. விளிம்பு தாண்டி ஒரு குடம் தண்ணீர் உள்ளே வந்து வைக்கோலை நனைத்தது. ஹரிபதோ கையை விட்டுவிட்டு மூட்டையைப் பிடித்துக்கொண்டான். நீலாவதியின் கை மணிக்கட்டு வரை தண்ணீருக்குள் போயிற்று.

அந்த மூன்று புடைப்பும் மறைந்தன.

தண்ணீருக்கு மேலே தெரிகிற முதலையைவிட முங்கிய முதலை மோசம். அது மங்கையர்க்கரசிக்குத் தெரியும். பிடித்தாலும் உதறுவாள், இழுத்தாலும் உதறுவாள். தானே எடுத்தால்தான் உண்டு. நீலாவதி எதற்காகத் தன் கையைத் தானே உள்ளே எடுப்பாள்? அவளைப் பிறந்த நாளிலிருந்து தெரிந்தவள் ஒருத்திதான் அங்கே இருந்தாள்.

நடையை நிறுத்தாமல், தலையை மட்டும் திருப்பி, கிணற்றடியில் சண்டைக்கு நிற்கிற குரலில் சொன்னாள்: "ஏ நீலா! காய்ச்சல்ல கை குச்சியாப் போச்சு. ஆத்தா காப்பு கழண்டு தண்ணில விழுகப் போகுது. ஒனக்கு வச்சுக்கத் தெரியலேன்னா எங்கிட்டக் குடு!"

அத்தனை வருஷத்துக்கப்புறம் அவள் தங்கையோடு பேசிய முதல் பேச்சு அது.

நீலாவதியின் கண் திறந்தது. கை சட்டென்று தண்ணீரை விட்டு மேலே வந்தது. இன்னொரு கையால் காப்பைப் பொத்தி மார்போடு வைத்துக்கொண்டாள். "சாகக் கெடக்கறப்பக்கூட ஒன் கண்ணு இதுலதான் இருக்கு. தரமாட்டேன். நான் செத்தாலும் ஒனக்குத் தரமாட்டேன், போ" என்றாள். பலவீனமான குரல்தான், ஆனால் கரை வரைக்கும் கேட்டது.

"தராட்டிப் போ. கெட்டியாப் புடிச்சுக்க" என்றாள் அக்கா.

அடுத்து டிங்கியின் அடியில் ஏதோ உராய்ந்தது. கயிற்றின் வழியாக அவள் மார்பிலேயே அது தெரிந்தது. டிங்கி மெல்லத் தூக்கி இறங்கியது. கிளம்பியதிலிருந்து கத்திக்கொண்டே வந்த வாத்துகளின் சத்தம் நின்று போனது.

"க்யா லகா?" என்று ஹரிபதோ கேட்டான், என்ன இடித்தது என்று.

"லக்டி" என்றான் சொக்கலிங்கம். கட்டை. அவன் குரல் அவனுக்கே வேறு யாருடையதோ போல இருந்ததாம்.

ஹரிபதோ தலையை ஆட்டினான். கூடையை இரண்டு காலுக்கும் நடுவே இழுத்து வைத்துக்கொண்டு, நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். நீலாவதி காப்பைப் பிடித்த பிடியை விடாமல் அக்காவைத் திட்டிக்கொண்டே வந்தாள். அம்மாவுக்குக் கடைசியில் யார் கஞ்சி ஊற்றியது, யார் வந்து எட்டிப் பார்க்கவில்லை, எல்லாம் வந்தது. மங்கையர்க்கரசி திட்டட்டும் என்று விட்டாள். திட்டு கேட்கிற வரை கை உள்ளே இருக்கிறது. திட்டு ஓய்கிற மாதிரி இருந்தால், "ஆமா, பெரிய காப்பு" என்று ஒரு வார்த்தை போட்டாள். மறுபடி ஆரம்பித்தது. சொந்தத் தங்கையிடம் அவ்வளவு கேவலமாக வாங்கிக் கட்டிக்கொண்டு யாரும் அவ்வளவு நிம்மதியாக நடந்திருக்க மாட்டார்கள்.

டிப்போத் துறை வந்தது. அங்கே இறங்கியிருக்கலாம். ஆனால் டிப்போவில் அன்று ஆள் இல்லை, நோயாளியைத் தூக்க வழியில்லை. துறைக்கு முன்னால் தண்ணீர் ஆழம் குறைந்து, அடிமணல் தெரிந்தது. சொக்கலிங்கம் பின்னால் பார்த்தான். ஒன்றும் இல்லை. கயிற்றை ஒரு தரம் சுண்டினான், போகலாம் என்று. அவள் நிற்காமல் இழுத்தாள். அதற்கப்புறம் ஜெட்டி வரை ஒரே தெளிந்த தண்ணீர்.

ஜெட்டியில் ஆட்கள் ஓடி வந்து நீலாவதியைத் தூக்கிப் பலகைமேல் கிடத்தினார்கள். ஆஸ்பத்திரி ஜீப்புக்கு ஒருவன் ஓடினான். ஹரிபதோ கூடையோடு ஏறினான். சொக்கலிங்கம் டிங்கியைக் கட்டிவிட்டு ஏறினான். எல்லார் காலும் பலகையில் பட்டாகிவிட்டது என்று மங்கையர்க்கரசி ஒரு முறை பார்த்துக்கொண்டாள்.

அப்புறம் கத்தினாள்.

"மொதல! மொதல! மொதலடி நீலா!" கயிறு இன்னும் மார்பில் இருந்தது. இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்தினாள், நிறுத்த முடியவில்லை. பிறகு அது "மகர்! மகர்!" என்று மாறியது. மூட்டை தூக்குகிறவர்கள் பயந்து தண்ணீரைப் பார்த்தார்கள். தண்ணீரில் எதுவும் இல்லை என்று தெரிந்ததும் இரண்டு பேர் சிரித்தார்கள். பொம்பளைக்கு வெயில் ஏறிவிட்டது என்றான் ஒருவன்.

"சிரிக்காதே" என்றான் ஹரிபதோ அவனிடம் ஹிந்தியில். இவளைப் பார்த்து அக்கா முறை வைத்து, "நானும் பார்த்தேன், தீதி. கூடைப் பக்கம்தான் முதலில் வந்தது. கட்டை எங்கேயாவது வெள்ளத்தை எதிர்த்துப் போகுமா?" என்றான். சொல்லிவிட்டுக் கூடையைக் கீழே வைத்தான். பலகையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

நீலாவதி படுத்தபடி மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஜுரம் இருந்தாலும் புத்தி தெளிவாகத்தான் இருந்தது.

"எங்க இருந்துச்சு?" என்று கேட்டாள்.

சொக்கலிங்கம், "நீ கை விட்டிருந்த பக்கம்" என்றான்.

அவள் கையைத் தூக்கிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அதற்குள் மங்கையர்க்கரசியின் கத்தல் அழுகையாக மாறியிருந்தது. ஜெட்டியில் நாலு பேர் பார்க்கிறார்கள் என்ற நினைப்பே இல்லாமல் அழுதாள்.

"அப்ப நீ காப்பக் கேட்டது…"

"காப்ப யாருடி கேட்டா?" என்றாள் அக்கா. "நான் கையத்தான் கேட்டேன்."

ஜீப் வந்தது. நீலாவதியைத் தூக்கி ஏற்றினார்கள். மங்கையர்க்கரசியும் கூடவே ஏறிக்கொண்டாள்.